இணையதளத்தை நாமே அமைக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்கிறேன். ஐந்தாறு பக்கங்களில் ஓர் இணையதளம் வேண்டும். கோடிங் தெரியாது. விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், வேர்ட்பிரஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சுலபம்?

பதில்: ஐந்தாறு பக்கங்கள்தானே, மூன்றில் எதை எடுத்தாலும் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். பிடிக்காமல் போனால் எதைத் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியும் என்பதில்தான் மூன்றும் வெகுவாக வேறுபடுகின்றன. அதை முதலில் பாருங்கள்.

விக்ஸில் படம், எழுத்து, பொத்தான் எதையும் இழுத்துக்கொண்டுபோய் நினைத்த இடத்தில் வைக்கலாம். வசதியும் அதுதான், வம்பும் அதுதான். கணினியில் பார்த்துப் பார்த்து அடுக்கியவை மொபைலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். மொபைல் எடிட்டரைத் தனியாகத் திறந்து பக்கம் பக்கமாகச் சரிசெய்ய வேண்டும். வழக்கமான எடிட்டரில் ஒரு டெம்ப்ளேட்டை (தயார் வடிவமைப்பை)த் தேர்ந்து தளத்தை அமைத்துவிட்டால், அதே தளத்தை வேறு டெம்ப்ளேட்டுக்கு மாற்ற முடியாது. தளத்தை அப்படியே வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. எழுத்தையும் படத்தையும் கையால் நகலெடுக்க வேண்டியதுதான்.

ஸ்குவேர்ஸ்பேஸ் கட்டம் போட்டு வைத்திருக்கும். அந்தக் கட்டத்துக்குள் வைத்தால் அலங்கோலமாகாது. நிரந்தர இலவசத் திட்டம் கிடையாது, 14 நாள் சோதனை மட்டும். வெளியேறும்போது சாதாரணப் பக்கங்களையும் ஒரு வலைப்பதிவையும் வேர்ட்பிரஸுக்கு ஏற்ற ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம், பொருள் பட்டியலைத் தனியே சிஎஸ்வி ஃபைலாக (எக்செலில் திறக்கும் அட்டவணையாக) எடுக்கலாம். வடிவமைப்பு மட்டும் உடன் வராது.

வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன, குழப்பமே அங்குதான். ஒன்று, 2003-ல் வெளியான இலவச மென்பொருள். ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகை சர்வர் இடம்) வாங்கி நாமே நிறுவ வேண்டும். அப்டேட், பேக்கப் எல்லாம் நம் தலையில். இன்னொன்று, அதே மென்பொருளை ஒரு நிறுவனம் தன் சர்வரில் வைத்துத் தரும் வேர்ட்பிரஸ்.காம். இரண்டிலும் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தால் எழுத்து முழுக்க ஒரே ஃபைலில் வந்துவிடும். அந்த ஃபைலுக்குள் படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிகள்தான் இருக்கும். புதிய தளம் படங்களைப் பழைய தளத்திலிருந்துதான் இழுக்கும். ஆகவே படங்கள் எல்லாம் வந்து சேரும்வரை பழைய கணக்கை மூடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் படங்களைக் கோட்டைவிட்டவர்கள் நிறையப் பேர்.

அமைத்தபின் ஆண்டுக்கு இரண்டு முறைதான் தொடுவீர்கள் என்றால் ஸ்குவேர்ஸ்பேஸ் பக்கம் சாய்வேன். வாரம் ஒரு கட்டுரை எழுதுவீர்கள், தளம் வளரும் என்றால் வேர்ட்பிரஸ். பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தலைப்பு, மூன்று படம், ஒரு விலைப்பட்டியல், ஒரு தொடர்பு ஃபார்ம்: இதே பக்கத்தை இரண்டு மென்பொருளில் அமைத்துப் பாருங்கள். பிறகு மொபைலிலிருந்து ஒரு விலையை மட்டும் மாற்றுங்கள். எதில் எரிச்சல் வராமல் முடிகிறதோ அதை எடுங்கள்.

கேள்வி: இலவசத் திட்டமே போதாதா? டொமைனுக்கு (சொந்த இணைய முகவரிக்கு) எதற்குச் செலவு?

பதில்: பழகிப் பார்க்க இலவசம் போதும். விசிட்டிங் கார்டில் அச்சடிக்கும் முகவரிக்குப் போதாது. உதாரணமாக, கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த இணையதளங்களை கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் புதிய தளம் அமைத்து, முகவரியை அங்கே திருப்பிவிட்டார்கள். மற்றவர்களுக்கு முகவரியே போயிற்று.

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் பதிவு செய்யுங்கள். தளம் அமைத்துக் கொடுப்பவர் “நானே வாங்கிவிடுகிறேன்” என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதிவுக் கணக்கின் லாகினுக்கு அதே டொமைனில் உள்ள மெயில் முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும், பாஸ்வேர்டு மாற்றும் கடிதம் உங்களுக்கு வந்து சேராது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

.காம் முகவரி காலாவதியானதும் உடனே பறிபோகாது. பதிவு நிறுவனம் தரும் சலுகைக் காலம் முடிந்து முகவரி நீக்கப்பட்டாலும், 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குக் கூடுதல் கட்டணம். அதன்பின் ஐந்து நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தானியங்கிப் புதுப்பித்தலைப் போட்டுவைத்து, இணைத்த கார்டு காலாவதியாகும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய தளத்தை டொமைனோடு இணைத்தோம். தளம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அன்றிலிருந்து அலுவலக மெயில் எதுவும் வரவில்லை. ஏன்?

பதில்: நேம்சர்வரை (உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வரை) மாற்றியிருப்பீர்கள். தளம் எங்கே, மெயில் எங்கே போக வேண்டும் என்ற குறிப்புகள் எல்லாம் டிஎன்எஸ் பதிவேட்டில் ஒன்றாக இருப்பவை. நேம்சர்வரை மாற்றினால் பதிவேடே மாறிவிடும். புதிய பதிவேட்டில் தளத்துக்கான வரி இருக்கிறது, மெயிலுக்கான எம்எக்ஸ் வரி இல்லை.

புதிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து, மெயில் நிறுவனம் கொடுத்த எம்எக்ஸ் வரிகளையும், நீங்கள் அனுப்பும் மெயில் போலி அல்ல என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் வரிகளையும் சேருங்கள். எம்எக்ஸ் மட்டும் சேர்த்தால் மெயில் வரும், ஆனால் நீங்கள் அனுப்புவது ஸ்பேமில் விழக்கூடும். அனுப்பியவரின் சர்வர் பொதுவாகச் சில நாள் திரும்பத் திரும்ப முயலும். அதனால் சீக்கிரம் சரிசெய்தால் தேங்கியவற்றில் சில வந்துசேர வாய்ப்புண்டு.

அடுத்த முறை நேம்சர்வரைத் தொடவே வேண்டாம். வெறும் டொமைனுக்கு ஏ ரெக்கார்டு, முன்னால் மூன்று டபிள்யூ உள்ளதற்கு சிநேம் என்று தளம் இருக்கும் இடத்தைக் காட்டும் இரண்டு வரிகளை மட்டும் பதிவேட்டில் மாற்றினால் பெரும்பாலும் போதும். முந்தைய நாளே அந்த வரிகளின் டிடிஎல் மதிப்பை (பழைய வரியை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதை) 300 நொடியாகக் குறைத்துவையுங்கள், மாற்றம் சீக்கிரம் பரவும். மாற்றுமுன் பழைய பதிவேடு முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் தளத்தில் தொடர்பு ஃபார்மை நிரப்பினால் “நன்றி, அனுப்பப்பட்டது” என்று வருகிறது. எனக்கு எதுவும் வருவதில்லை.

பதில்: அந்த ‘நன்றி’க்கு, சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் பொருள். ஃபார்ம் அமைப்பில் ‘ஃப்ரம்’ என்ற இடத்தில் வாடிக்கையாளரின் மெயில் முகவரி போட்டிருக்கிறதா பாருங்கள். உங்கள் சர்வர் இன்னொருவர் பெயரில் கடிதம் அனுப்புவதால் அது போலி என்று தள்ளப்படும். ‘ஃப்ரம்’ உங்கள் டொமைன் முகவரியாக இருக்கட்டும், வாடிக்கையாளர் முகவரியை ‘ரிப்ளை-டூ’வில் போடுங்கள். அடுத்து, ஓர் எஸ்எம்டிபி பிளக்இன் (மெயில் அனுப்பும் துணை மென்பொருள்) நிறுவி உங்கள் மெயில் கணக்கின் வழியாகவே அனுப்ப வையுங்கள். ஃபார்மில் வருவதை டேஷ்போர்டிலும் சேமிக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். மெயில் தவறினாலும் ஆர்டர் தவறாது.

கேள்வி: முகப்புப் பக்கம் திறக்க எட்டு நொடி ஆகிறது. ஹோஸ்டிங்கை மாற்றலாமா?

பதில்: முதலில் படங்களைப் பாருங்கள். மொபைலில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலமும் மூன்று நான்கு எம்பி எடையும் இருக்கும். அப்படி ஆறு படம் போட்டால் 20 எம்பி தாண்டிவிடும். பக்கம் முழுக்க விரியும் படத்துக்கு 1600 பிக்சல் அகலம், பொருள் படத்துக்கு 800 போதும். வெப்பி (WebP) என்ற பட வடிவில், தரம் 75 அளவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். பிரவுசரிலேயே இயங்கும் ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி இதற்குப் போதும். தானே நகரும் ஸ்லைடரை எடுத்துவிடுங்கள், இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. பிறகு கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் சோதியுங்கள். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. இதெல்லாம் செய்தும் இழுத்தால் ஹோஸ்டிங்கைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: விற்பதற்கு 20 பொருள்கள் இருக்கின்றன. ஷாப்பிஃபை தேவையா?

பதில்: பொருளை எண்ணாதீர்கள், வகைகளை எண்ணுங்கள். ஒரே அளவு, ஒரே நிறம் என்றால் சாதாரணத் தளத்தில் பணம் கட்டும் பொத்தான் வைத்தால் போதும். ஒவ்வொன்றிலும் ஐந்து அளவு, நான்கு நிறம் என்றால் 20 பொருள் 400 வகையாகிவிடும். அந்த இருப்புக் கணக்கைக் கையால் பார்க்க முடியாது, இணையக் கடை நடத்தும் சேவையான ஷாப்பிஃபையோ, வேர்ட்பிரஸில் அதே வேலையைச் செய்யும் வூகாமர்ஸ் பிளக்இன்னோ தேவைப்படும்.

கேள்வி: பக்கத்தின் முகவரியையும் தமிழிலேயே வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், அழகாகவும் இருக்கும், பிரவுசரின் முகவரிப் பட்டைக்குள் இருக்கும்வரை. நகலெடுத்து மெயிலில் ஒட்டும்போது பல சமயம் சதவீதக் குறிகளாக விரியும். க என்ற ஒரே எழுத்து ஒன்பது குறிகளாகும், மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனியாக இன்னும் ஒன்பது. ‘எங்கள்-சேவைகள்’ என்ற இரண்டு சொல் 118 குறிகள்! வேர்ட்பிரஸ் 200-ல் வெட்டிவிடுவதால் நீண்ட தலைப்பு பாதியில் நிற்கும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் சிறிய ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிடுங்கள். பக்கத்தை வெளியிடும் முன்பே மாற்றுங்கள். பிறகு மாற்றினால், ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் வேலை செய்யப் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் வேண்டும்.

கேள்வி: ஏஐ கேட்ட மாத்திரத்தில் தளம் அமைத்துத் தருகிறதே?

பதில்: முதல் வரைவுக்கு நல்லது. வெளியிடும் முன் தொலைபேசி எண், வேலை நேரம், ‘வாடிக்கையாளர் கருத்து’ ஆகிய மூன்றையும் ஒருமுறை படியுங்கள். உங்களுக்கு இல்லாத வாடிக்கையாளர்கள் உங்களைப் பாராட்டியிருப்பார்கள்.