துபாய்க்கு வந்த புதிதில் எவ்வளவு ஊருக்கு அனுப்பலாம்?

கேள்வி: அம்மா, எனக்கு 34 வயது. திருநெல்வேலியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். கடந்த ஆகஸ்ட் 18-ஆம் தேதி துபாய்க்கு வந்து, கிசைஸ் பகுதியில் ஓர் இந்தியப் பள்ளியில் சேர்ந்தேன். மாதம் 5,500 திர்ஹம். அதில் அடிப்படைச் சம்பளம் 3,000, வீட்டுப் படி 1,800, மற்ற படிகள் 700. வேறு ஆசிரியைகளோடு அறையைப் பகிர்ந்து தங்கியிருக்கிறேன். எல்லாச் செலவும் சேர்த்து 2,550 ஆகிறது. ஏஜென்ட், சான்றிதழ் அட்டெஸ்டேஷன், டிக்கெட் என்று நகையை அடகு வைத்து 3 லட்சம் வாங்கினோம். வட்டி 14 சதவீதம். கணவருக்கு அச்சகத்தில் 18,000 ரூபாய் சம்பளம். மகள் மூன்றாம் வகுப்பு. மிச்சம் வருவதை அப்படியே என் பழைய சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். மாதக் கடைசியில் கையில் நூறு திர்ஹம்கூட நிற்பதில்லை. இப்போது கணவரின் அண்ணன், அம்பாசமுத்திரம் பக்கம் 40 சென்ட் வயல் மலிவாக வருகிறது, உன் பெயரிலேயே அட்வான்ஸ் போட்டுவிடலாம் என்கிறார். பணத்தை இங்கேயே வைத்துக்கொள்ள நினைத்தால் ஏதோ தப்புச் செய்வது போல இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- வாசகி, துபாய்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வயலும் இல்லை, நகைக்கடனும் இல்லை. கையில் நூறு திர்ஹம்கூட நிற்பதில்லை என்ற அந்த ஒரு வரிதான். மொத்தக் குடும்பமும் உங்கள் ஒரு சம்பளத்தை நம்பித் திட்டம் போடுகிறது. அந்தச் சம்பளம் ஒரு மாதம் நின்றால் தாங்குவதற்கு உங்களிடம் எதுவும் இல்லை.

உங்கள் வேலை இன்னும் உறுதியாகவில்லை. அமீரகத் தொழிலாளர் சட்டப்படி தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை போகலாம். அதற்குள் 14 நாள் நோட்டீஸ் கொடுத்து உங்களை அனுப்பிவிடப் பள்ளிக்கு உரிமை உண்டு. அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. நடந்தால் அடுத்த பள்ளி கிடைக்கும்வரை அறை வாடகை, சாப்பாடு, தேவைப்பட்டால் திருவனந்தபுரத்துக்கு ஒரு டிக்கெட், இவ்வளவும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். அந்த நேரத்தில் ஊரிலிருந்து பணம் வரவழைப்பது எவ்வளவு கடினம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அடகு வைக்க வேறு நகையும் இருக்காது.

ஆகவே முதல் வேலை, மூன்று மாதச் செலவையும் ஒரு டிக்கெட்டையும் திர்ஹமாகவே துபாய் வங்கியில் சேர்ப்பது. 2,550 வீதம் மூன்று மாதத்துக்கு 7,650, டிக்கெட்டுக்கு 850 சேர்த்தால் 8,500. உங்களுக்கு மாதம் 2,950 மிஞ்சுகிறது. அதில் 1,000 ஊருக்குப் போகட்டும். ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 23,000 ரூபாய். நகைக்கடனுக்கு மாத வட்டி 3,500 போனாலும் மகளின் கட்டணத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் 19,500 நிற்கும். கணவரின் சம்பளமும் இருக்கிறது. 1,500-ஐ இந்தச் சேமிப்பில் போடுங்கள். மீதி 450 உங்களுக்கு. காய்ச்சல் வந்தால், கண்ணாடி உடைந்தால், பள்ளி விழாவுக்கு ஒரு புடவை வேண்டுமானால் அதிலிருந்து எடுங்கள். ஆறு மாதத்தில் 8,500 சேர்ந்துவிடும்.

இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 14 சதவீதக் கடனை அடைக்காமல் ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாயைச் சும்மா வைத்திருப்பதால், முழுத்தொகையும் சேர்ந்த பிறகு ஆண்டுக்கு சுமார் 27,000 ரூபாய் வட்டி கூடுதலாகப் போகும். கணக்குப் பார்ப்பவர்கள் இதை எடுத்துக் கடனில் போடு என்பார்கள். வந்து ஓராண்டுகூட ஆகாத ஒருவருக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். புது ஊரில் தைரியமாக இருக்கக் கொடுக்கிற விலை அது. 8,500 சேர்ந்த மறுமாதமே அதே 1,500-ஐ அப்படியே நகைக்கடனின் அசலுக்குத் திருப்புங்கள். மாதம் 34,500 வீதம் ஒன்பது மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். அதற்கு முன் எஃப்.டி., சீட்டு, தங்கம் எதுவும் வேண்டாம். 14 சதவீதக் கடனை அடைப்பதைவிட நல்ல வருமானம் தரும் டெபாசிட் எந்த வங்கியிலும் இல்லை.

அடுத்தது, பணம் போய்ச் சேருகிற கணக்கு. வேலைக்காக வெளிநாடு கிளம்பிய நாளிலிருந்தே அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியர். பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி அதை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடு வாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்காக மாற்றுங்கள். கூடவே வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கென்றே உள்ள என்.ஆர்.இ. கணக்கு ஒன்று திறந்து, துபாய்ச் சம்பளத்தை அதில் மட்டும் போடுங்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம். என்.ஆர்.ஓ. வட்டியிலோ 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துவிடுவார்கள். வீட்டுச் செலவுக்குக் கணவர் பணம் எடுக்க, அவருக்கு வங்கியில் மேண்டேட், அதாவது உங்கள் கணக்கை அவர் இயக்கலாம் என்ற அனுமதி, எழுதிக் கொடுத்தால் போதும். பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தால் 15 ஆண்டு முடியும்வரை தொடரலாம், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது.

வருமான வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த ஆண்டு உங்களுக்கு அது முக்கியம். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 18 வரை 140 நாள் இந்தியாவில் இருந்திருக்கிறீர்கள். வேலைக்காகக் கிளம்பிய ஆண்டில் 182 நாளைத் தொடாதவரை துபாய்ச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது. டிசம்பர் விடுமுறைக்கு மூன்று வாரம் வந்தாலும் 161 தான். மார்ச்சில் இன்னொரு முறை வந்து மூன்று வாரம் தங்கினால் எல்லை தொட்டுவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸ்களைப் பத்திரமாக வையுங்கள்.

சரி, வயலுக்கு வருவோம். வெளிநாடு வாழ் இந்தியர் வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க அனுமதி இல்லை. பரம்பரையாக வந்த நிலத்தை வைத்துக்கொள்வது வேறு விஷயம். நீங்கள் இன்று அம்பாசமுத்திரத்தில் உங்கள் பெயரில் வயல் வாங்குவது சட்டத்துக்குப் பொருந்தாது. அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், அவருக்கு இந்த விதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அப்படியானால் தம்பி பெயரில், அதாவது உங்கள் கணவர் பெயரில், போடலாமே என்று அடுத்து வரும். சட்டப்படி அவர் வாங்கலாம். ஆனால் கடனில் இருக்கும்போது, இன்னும் நிரந்தரமாகாத ஒரு வேலையை நம்பி அட்வான்ஸ் கொடுத்து, மீதியைக் கட்ட முடியாமல் அட்வான்ஸையும் இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அண்ணனிடம் இதை உங்கள் கணவர் சொல்வதுதான் முறை. நீங்கள் போனில் மறுத்தால் வருத்தம் உங்கள் மேல்தான் வரும்.

அப்புறம், உங்கள் சம்பளச் சீட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 5,500-இல் அடிப்படைச் சம்பளம் 3,000 தான். பணி முடிவில் கிடைக்கும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்காகும். ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்தாண்டு வரை ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். உங்களுக்கு அது 2,100 திர்ஹம். மொத்தத் தொகையுமே அடிப்படையாக இருந்திருந்தால் 3,850 வரும். இந்த ஒப்பந்தத்தில் மாற்ற முடியாமல் போகலாம், புதுப்பிக்கும்போது அடிப்படையை உயர்த்தக் கேளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைச் சம்பளமும் டிக்கெட்டும் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் இன்றே படியுங்கள். வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். உங்கள் சம்பளத்துக்கு மாதம் 5 திர்ஹம்தான், எடுக்காவிட்டால் 400 திர்ஹம் அபராதம். 12 மாதம் கட்டியிருந்தால் வேலை போகும்போது அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 1,800 திர்ஹம், மூன்று மாதம் வரை வரும். நீங்களே ராஜினாமா செய்தால் வராது. முதல் ஆண்டில் இதுவும் கைகொடுக்காது என்பதால்தான் அந்த 8,500-ஐ இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஏஜென்டுக்கு எவ்வளவு போனது என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். அதைவிட அதிகம் கொடுத்திருந்து ரசீதோ வங்கிப் பரிமாற்றமோ இருந்தால், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். பள்ளி உங்களிடம் விசா செலவைச் சம்பளத்தில் பிடித்தால் அதுவும் அமீரகச் சட்டத்துக்கு எதிரானது.

வருமானத்தைக் கூட்ட ஆங்கில ஆசிரியைக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கிசைஸிலும் அல் நஹ்தாவிலும் நம் குடும்பங்கள் நிறைய. டியூஷன் கேட்டு வருவார்கள். அனுமதியில்லாமல் ஒரு மாணவனுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் அமீரக அரசு தனிப்பட்ட ஆசிரியர் பணி அனுமதி என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு செல்லும். பள்ளியில் வேலை செய்பவர் பள்ளியின் ஆட்சேபமின்மைக் கடிதம் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். தகுதிகாண் காலம் முடிந்ததும் முதல்வரிடம் போய்க் கேளுங்கள், அதற்கு முன் கேட்க வேண்டாம். வாரம் இரண்டு பிள்ளைகள் கிடைத்தால்கூட அந்தப் பணம் நகையைச் சில மாதம் முன்னதாகவே மீட்டுவிடும்.

வங்கியிலிருந்து கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன் என்று அழைப்பு வரும். சம்பளத்தைப் போல 20 மடங்கு வரை கடன் தர அங்கே விதி இடம் கொடுக்கிறது. அதை எடுத்து நகையை மீட்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். வேலை போனால் நகைக்கடன் ஊரில் இருக்கும். துபாய் வங்கிக் கடன் நிலுவையில் நின்றால் நாட்டை விட்டுக் கிளம்புவதே சிக்கலாகிவிடும்.

இந்த மாதச் சம்பளம் வந்ததும் கணவரோடு வீடியோ காலில் உட்கார்ந்து, 1,000, 1,500, 450 என்று மூன்றாகப் பிரித்ததை அவரிடம் காட்டுங்கள். ஊருக்கு வரும் பணம் ஏன் குறைகிறது என்று அவர் வேறொருவர் வாயிலாகக் கேட்கக் கூடாது. மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அம்மா எதற்காகச் சேர்த்து வைக்கிறாள் என்று அவளுக்கும் தெரியட்டும்.