தொப்பியைக் கையில் பிடித்த கனவான்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் 1920களின் வெள்ளை மாளிகைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிபர் கால்வின் கூலிட்ஜைச் சந்திக்க ஆளுநர், மேயர், தூதர் என்று யார் வந்தாலும் படம் ஒன்றுபோலவே இருக்கிறது. புல்வெளியில் ஒற்றை வரிசை, கையில் தொப்பி, இடுங்கிய கண்கள். சிரிப்பே கிடையாது. அலுவலகத்துக்குள் அவர்கள் பேசிக்கொண்டிருப்பதை ஏன் யாரும் எடுக்கவில்லை? அந்தக் காலத்து மனிதர்களே இவ்வளவு விறைப்பா? பல படங்களில் தேதியும் நிச்சயமில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

க., திருச்சி

அன்புள்ள க.,

கூலிட்ஜ் வாய் திறக்காதவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் காமிராவுக்கு முகம் சுளித்தவரல்ல. 1927இல் தெற்கு டக்கோட்டாவில் பழங்குடியினர் அளித்த இறகுத் தலையணியை அணிந்துகொண்டே படத்துக்கு நின்றவர். எனவே பழியை மனிதர்கள்மேல் போட வேண்டாம். பெரும்பங்கு, ஃபிலிமுக்குப் பதிலாகக் காமிராவில் செருகிய கண்ணாடித் தகட்டுக்கு உரியது.

கணக்குப் போட்டால் புரியும். அன்றைய தகட்டின் வேகத்தை, அதாவது ஒளியை உணரும் திறனை, இன்றைய ஐஎஸ்ஓ அளவில் 25 என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் எஃப்/8 திறப்பில் (எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்) நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். அதே ஆட்களை ஜன்னல் வெளிச்சம் வரும் அறைக்குள் கொண்டுபோனால், லென்ஸை எஃப்/4.5 வரை முழுக்கத் திறந்தும் அரை நொடிக்கு மேல் வேண்டும். பேசுகிற மனிதன் அரை நொடியில் தலையை அசைத்துவிடுவான். முகம் கலங்கிப்போகும்.

லென்ஸைத் திறந்தால் அடுத்த சிக்கல். பத்திரிகைக்காரர்கள் வைத்திருந்தவை கிராஃப்ளெக்ஸ், ஸ்பீட் கிராஃபிக் போன்ற காமிராக்கள். தகடு 4×5 அல்லது 5×7 அங்குலம். இவ்வளவு பெரிய தகட்டுக்கு நீண்ட குவியத் தூரம் உள்ள லென்ஸ் தேவை. 5×7 காமிராவில் 210 மி.மீ. லென்ஸைப் போட்டு, ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவர்களை எஃப்/4.5இல் எடுத்தால் முன்பின் சேர்த்துச் சுமார் முக்கால் மீட்டர்தான் தெளிவாக விழும். ஒருவர் ஓரடி பின்னால் தள்ளி நின்றாலே அவர் முகம் மங்கத் தொடங்கும். தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிறுத்துவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தொப்பிக்கும் காரணம் உண்டு. உச்சி வெயிலில் தொப்பி விளிம்பின் நிழல் மூக்குவரை இறங்கும். நிழலுக்கு ஏற்றபடி ஒளி கொடுத்தால் வெள்ளைச் சட்டையும் மாளிகைச் சுவரும் வெளுத்து ஒன்றாகிவிடும். வெயிலுக்கு ஏற்றபடி கொடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருங்குழிதான். அதனால் தொப்பியைக் கழற்றச் சொல்லி, சூரியனைப் பார்க்க நிறுத்துவார்கள். கண் இடுங்காமல் என்ன செய்யும்? போதாததற்கு அன்று பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் தகடு சிவப்பை உணராது. உதடும் சிவந்த கன்னமும் கறுத்து விழும். சாதாரண முகமே கடுகடுவென்று தெரியும்.

உள்ளே எடுக்க வழியே இல்லாமல் இல்லை. மெக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட் போன்ற ஒன்றைக் கலந்த பொடியைத் தட்டில் கொட்டி, தலைக்குமேல் பிடித்துக் கொளுத்துவார்கள். உராய்ந்தாலே வெடிக்கக்கூடிய கலவை. முதல் படத்தோடு அறை முழுக்க வெண்புகை, கம்பளத்தில் சாம்பல். அதிபர் வேலை செய்யும் அறையில் இந்தக் கூத்தைத் தினமும் யார் பொறுப்பார்கள்? 1930இல் அமெரிக்காவில் ஃபிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்த பிறகுதான் உள்ளறைப் படங்கள் பெருகின. பின்னாளில் அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மேசையில் அமர்ந்திருக்க, விருந்தினர் பின்னால் சூழ்ந்து நிற்கும் படங்கள் அந்தக் காலத்தவை. அவருடைய கால்கள் செயலிழந்ததை மறைக்கவும் அந்த மேசை உதவியது.

இனி தேதி. தலைப்பில் உள்ளதை அப்படியே நம்பாதீர்கள். வாஷிங்டன் புகைப்பட நிறுவனமான ஹாரிஸ் அண்ட் யூயிங்கின் தொகுப்பில் பல படங்களுக்கு அடுத்தடுத்த எண்ணுள்ள நெகட்டிவ்களை வைத்துத்தான் ஆண்டு குறித்திருக்கிறார்கள். பதிவுக் குறிப்பிலேயே அது இருக்கும். பெரிய டிஃப் (TIFF) படக் கோப்பை இறக்கிப் பின்னணியைப் பாருங்கள். வெள்ளை மாளிகையின் கூரையைப் பிரித்து மூன்றாம் தளத்தை எடுத்துக் கட்டியது 1927இல். அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து சில மாதங்கள் கூலிட்ஜ் குடும்பம் வாஷிங்டனின் டூபாண்ட் சர்க்கிளில் இருந்த ஒரு மாளிகையில் தங்கியது. அந்த வாசற்படி தெரிந்தால் ஆண்டு கையில் வந்துவிட்டது. மேற்குப் பகுதி அலுவலகம் 1929 டிசம்பர் 24 அன்று தீப்பிடித்தது. அதிபரின் நீள்வட்ட அறை அந்தப் பகுதியின் தென்கிழக்கு மூலைக்கு மாறியது 1934இல்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்வது எளிதில் நடக்கும் பிழை. ஆண்கள் கோட்டின் மார்புப் பை அணிந்தவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். அது அவருடைய வலப்பக்கம் தெரிந்தால், ‘இடமிருந்து வலமாக’ என்று பெயர் பொருத்துவதெல்லாம் தலைகீழாகிவிடும்.

அதிபரின் பார்வை சற்று ஒதுங்கிப் போகிறதென்றால் பக்கத்தில் இன்னொரு காமிரா நின்றிருக்கலாம். இன்னொரு புகைப்பட நிறுவனமான நேஷனல் ஃபோட்டோ கம்பெனியின் படத்துக்கு ஹாரிஸ் அண்ட் யூயிங்கில் ஜோடி தேடுங்கள். ஒன்றில் இல்லாத பெயர் மற்றதில் இருக்கக்கூடும். பெயர் கிடைத்ததும் வாஷிங்டனில் வெளிவந்த ஈவினிங் ஸ்டார் நாளிதழில் தேடுங்கள். அதன் பழைய இதழ்கள் காங்கிரஸ் நூலகத்தின் நாளிதழ்த் தொகுப்பிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செழுத்தைப் படித்துத் தேடக்கூடியதாக்கும் எழுத்துணரி மென்பொருள் பெயர்களைக் கொலை செய்திருக்கும். ஆகவே பெயரோடு மாநிலத்தையும் பதவியையும் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள்.