எம்61இல் ஒரு புதுப் புள்ளி: 15,000 ரூபா கட்ட வேண்டுமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் உயர்தர மாணவர் கேட்கிறார்: "மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த 6 அங்குலத் தொலைகாட்டியில் கமராவைப் பூட்டி, படுவான்கரை வயல்வெளியில் எம்61 பேரடையை (கலக்ஸியை) படமெடுத்தேன். பழைய படங்களில் இல்லாத ஒரு புள்ளி தெரிகிறது. சுப்பர்நோவாவா? 15,000 ரூபா தந்தால் அதை என் பெயரில் பதிந்து சான்றிதழ் எடுத்துத் தருவதாக ஒருவர் வட்ஸ்அப்பில் சொல்கிறார். கட்டலாமா?"

கட்ட வேண்டாம் தம்பி, ஒரு சதமும் வேண்டாம். சுப்பர்நோவாவுக்கு, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரத்துக்கு, கண்டுபிடித்தவரின் பெயரை வைப்பதே இல்லை. ஆண்டும் சில எழுத்துகளும்தான் அதன் பெயர். ஜப்பானின் கோய்ச்சி இடகாகி நூற்றுக்கும் மேல் கண்டுபிடித்தவர். 2023 மே 19இல் எம்101 என்ற இன்னொரு பேரடையில் அவர் கண்டதற்கும் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்றுதான் பெயர். கண்டுபிடித்தவர் யார் என்பது அறிக்கையில் இருக்கும், அவ்வளவுதான். அந்த அறிக்கையைக் கொடுக்கும் இடம் டிரான்சியன்ட் நேம் சேர்வர் என்ற இணையத்தளம். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் அதிகாரபூர்வப் பதிவேடு அது. கணக்குத் திறப்பதும் இலவசம், அறிவிப்பதும் இலவசம். நடுவில் புரோக்கர் எதற்கு? நட்சத்திரத்துக்குக் காதலியின் பெயரை வைத்துத் தருகிறோம் என்று சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு விற்கிற அதே மாதிரிக் கூட்டம்தான் இது. அந்தக் கடதாசியை எந்த வானியலாளரும் மதிப்பதில்லை.

சரி, புள்ளிக்கு வருவோம். எம்61இல் 1926 முதல் 2020 வரை 8 சுப்பர்நோவாக்கள் பதிவாகியிருக்கின்றன. அதனால் உங்கள் ஆசையில் தவறில்லை. ஆனால் எம்61 இருப்பது கன்னி ராசியில், சூரியன் நகரும் பாதைக்குப் பக்கத்தில். சிறுகோள்கள் அதிகம் நடமாடும் தெரு அது. ஐந்து கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள பேரடையின் முன்னால், நம் வீட்டு வாசலில் போகிற ஒரு கல் குறுக்கிட்டால் படத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். எனக்கே அப்படி ஒரு முறை விடிய விடிய நெஞ்சு படபடத்திருக்கிறது. மறுநாள் இரவு பார்த்தால் புள்ளி தள்ளிப் போய்விட்டது! ஆகவே ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு படங்கள் எடுங்கள். நகர்ந்தால் சிறுகோள். மெதுவாகப் போகும் கல்லும் உண்டு என்பதால் அடுத்த இரவும் ஒரு படம் எடுங்கள். சிறுகோள்களின் பதிவேட்டை வைத்திருக்கும் மைனர் பிளானட் சென்டரின் தளத்தில் இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால், தெரிந்த சிறுகோள் ஏதாவது அங்கே இருந்ததா என்று அதுவே சொல்லிவிடும்.

கமராவின் பழுதான பிக்சலும் நட்சத்திரம் போல ஏமாற்றும். தொலைகாட்டியைச் சற்று நகர்த்தி எடுத்தால் குட்டு வெளிப்படும். அப்புறம், இப்போது தானியங்கித் தொலைகாட்டிகள் இரவிரவாக வானத்தைத் துழாவுகின்றன. அதே சேர்வரில் எம்61இன் இடத்தைத் தேடி, யாராவது முந்திவிட்டார்களா என்று பாருங்கள்.

பாடசாலையில் கேட்டு உறுதிப்படுத்தலாம் என்று காத்திருக்க வேண்டாம். நான் போன ஒரு பாடசாலையில் தொலைகாட்டி அதிபரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, வில்லையில் பூஞ்சணம். கொழும்புக்குக் கடிதம் எழுதிப் பதில் வருவதற்குள் சுப்பர்நோவா மங்கிவிடும்.

அறிக்கையில் நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள்: நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். இரவு 11 மணிக்கு எடுத்த படம் 17:30. விடியற்காலை 3 மணிக்கு எடுத்திருந்தால் திகதியும் ஒரு நாள் பின்னால் போகும்.