கோடைக்கால ‘ஃபயர் வாட்சர்’ வேலை எப்படி இருக்கும்? ஒரு சீசன் போய்ப் பார்க்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி பட்டப்படிப்பு முடித்துவிட்டு, காட்டுத்தீ அணைக்கிற வேலைக்கு ஒரு கோடை மட்டும் போகலாமா, போனால் புலி யானையெல்லாம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். முதுமலைக் காட்டில் இரண்டு கோடை இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். போகலாம். ஆனால் தீயை அணைக்கப் போவதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு சீசனில் நான் தீயை நேருக்கு நேர் பார்த்தது பத்து நாள்கூட இருக்காது. மீதி நாளெல்லாம் பெருக்குகிற வேலைதான்.

முதுமலையில் மேற்கே கூடலூர் பக்கம் மழை அதிகம், கிழக்கே மசினகுடி பக்கம் வந்தால் பாதிகூடக் கிடையாது. நடுவில் இருப்பது தேக்கும் வெக்காலியும் மருதும் நிற்கிற இலையுதிர் காடு. தை பிறந்ததும் இலை கொட்ட ஆரம்பிக்கும். தேக்கிலை காய்ந்து கிடந்தால் அப்பளம் மாதிரி. மான் நடந்தாலே யானை வருகிற மாதிரி சத்தம் கேட்கும். அதன் மேல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காய்ந்த புல், இடையில் உண்ணிச்செடி (லாண்டனா) புதர். ஜனவரி கடைசியிலிருந்து கோடை மழை பிடிக்கிற வரை காடு முழுக்க ஒரே விறகுக்கட்டுதான்.

எங்கள் வேலை அந்த விறகுக்கட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வைப்பது. ஏட்டில் ‘தீத்தடுப்புக் கோடு’ என்று எழுதுவார்கள், வாயில் வருவது ‘பயர் லைன்’. சாலை ஓரம், பீட் (ஒரு வனக்காவலர் பொறுப்பில் இருக்கிற காட்டுப் பகுதி) எல்லை, காட்டுக்குள் போகிற ஜீப் தடம், இப்படிப் பட்டை பட்டையாகப் புல்லை அறுத்து, சருகைக் கூட்டி, வெறும் மண் தெரிய வைக்க வேண்டும். அரிவாளும் மண்வெட்டியும்தான் முக்கியம். இப்போது முதுகில் மாட்டுகிற புளோயர் வந்துவிட்டது, பத்து ஆள் கூட்டுகிற சருகை ஒரே ஆள் ஊதித் தள்ளிவிடுகிறான். அந்த இரைச்சலில் பின்னால் யானை வந்து நின்றாலும் காதில் விழாது என்பதுதான் சிக்கல். அதனால் புளோயர் பிடிப்பவனுக்குப் பின்னால் ஒருவர் சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பதும் இங்கே வேலை.

அறுத்த புல்லை அப்படியே விடக்கூடாது, எரிக்க வேண்டும். தீயைத் தடுக்க நாமே தீ வைப்பதா என்று முதல் நாள் எனக்கும் தோன்றியது. அதிகாலையில், சருகில் பனி ஈரம் இருக்கும்போது வைப்போம். அந்த நேரத்துத் தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது, பச்சைத் தழையை ஒடித்து அடித்தாலே படுத்துவிடும். எட்டரை மணிக்குள் முடித்தாக வேண்டும். அப்புறம் வெயில் ஏறி, காற்றும் கிளம்பிவிடும். அதே இடத்து அதே சருகுதான், மதியம் ஒரு மணிக்கு அதன் கிட்டேயே போக முடியாது.

என் முதல் சீசனில் என்னால் நடந்த கூத்தைச் சொல்கிறேன். ஒரு லைனை எரித்து முடித்து, எல்லாம் அணைந்துவிட்டது என்று நானே கை காட்டினேன். எங்கள் கூட்டத்தில் மூத்த வாட்சர் ஒருவர் உண்டு, பக்கத்து ஊர் இருளர். “புறங்கை வச்சுப் பாத்தியா தம்பி?” என்றார். பார்த்தேன் என்று பொய் சொன்னேன். அணைந்த இடத்தில் உள்ளங்கை வைத்தால் சுட்டுக்கொள்வோம், அதனால் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டியபடி ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். அந்த லைனை ஒட்டி ஒரு காய்ந்த யானை லத்தி கிடந்திருக்கிறது. லத்தி என்பது பாதி ஜீரணமான நார்தானே, வெளியே கறுத்துப்போய் உள்ளே கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். நாங்கள் கேம்ப்பில் சோற்றில் கை வைத்த நேரம், பதினொன்றரை இருக்கும், வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார்கள். காற்றில் கங்கு பறந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. பிடிக்கவும் அணைக்கவும் மாலை ஆகிவிட்டது. அவர் என்னைத் திட்டவே இல்லை. மறுநாள் காலை ஒரு லத்தியைக் காலால் உடைத்துக் காட்டினார், உள்ளே சிவப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

அன்று மதியம்தான் பெரிய தீயை முதன்முதலாகப் பார்த்தேன். மூங்கில் புதரில் பிடித்ததும் கணுக்கள் வெடிக்கிற சத்தம் தீபாவளி போல இருந்தது. எனக்கு ஆச்சரியம் பறவைகள்தான். தீக்கு முன்னால் கரிச்சான்களும் பனங்காடைகளும் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. வெட்டுக்கிளியும் பூச்சியும் தப்பித்துப் பறக்கப் பறக்க, புகைக்குள் பாய்ந்து கொத்திக்கொண்டு கிளைக்குத் திரும்பின. அவற்றுக்குப் பந்தி. மறுநாள் கரியில் நடக்கும்போது வேறு கணக்கு தெரிந்தது. பக்கி என்கிற இரவுப் பறவை தரையில்தான் முட்டையிடும், காட்டுக்கோழியும் அப்படித்தான், அதுவும் இதே மாதங்களில். ஓர் ஆமை ஓடும் கிடந்தது. மான், யானை, காட்டுமாடு எல்லாம் விலகி ஓடிவிடும். மெதுவாக நகர்பவையும் தரையில் கூடு வைப்பவையும்தான் மாட்டிக்கொள்ளும்.

இப்போதெல்லாம் தகவல் வானத்திலிருந்தும் வருகிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தில் வெப்பப் புள்ளி தெரிந்தால் பீட் வரைக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை வாக்கில் ஒருமுறை, நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை வாக்கில் ஒருமுறை. அதன் பார்வையில் ஒரு கட்டம் 375 மீட்டர். மூன்று மணிக்குப் பிடித்த தீயை வாட்ச் டவரில் இருப்பவன் கண்தான் முதலில் பார்க்கும்.

தீ எப்படிப் பிடிக்கிறது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் மூங்கில் உரசிப் பிடிக்கும் என்பார்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் படித்தேன். நான் போன தீ எதிலும் அப்படி நடக்கவில்லை. அணைக்காத பீடி, ரோட்டோரம் சமைத்துவிட்டுப் போன சுற்றுலா அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சலுக்கு வைத்தது, உதிர்ந்த மான் கொம்பு பொறுக்க வைத்தது, சில நேரம் வனத்துறை மேல் இருக்கிற கோபம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சரணாலயத்தில் தீ வைப்பதைத் தடை செய்கிறது. வைத்தவனைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் நடக்காத காரியம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கர்நாடகத்தில் பிளிகிரிரங்கன் மலையில் இருக்கிற சோளகர் பழங்குடிகள் முன்பெல்லாம் வெயில் முற்றுவதற்கு முன்பே சருகை மட்டும் லேசாக எரித்துவிடுவார்களாம், ‘தரகு பெங்கி’ என்று பெயர். அதை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி காட்டைப் பிடித்தது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நாங்கள் கோட்டில் வைத்த அதிகாலைத் தீயும் கிட்டத்தட்ட அதேதானே. ஆனால் அதற்காக எல்லாத் தீயும் நல்லது என்று ஆகிவிடாது. ஏப்ரலில் பிடிக்கிற தீ மரக்கன்றுகளைக் கொன்றுவிட்டுப் போகும், தடித்த பட்டை உள்ள பெரிய மரம் நிற்கும், உண்ணிச்செடி மட்டும் வேரிலிருந்து மறுபடி தழைக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. இப்போது கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் அந்தக் குச்சியை வளைத்து நிஜ அளவு யானைகள் செய்கிறார்கள், 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. எங்கள் காட்டுக்கு அது ஒரு நல்ல விடுதலை, ஆனால் இன்னும் எத்தனை ஆயிரம் யானை செய்ய வேண்டுமோ!

விலங்கு பார்க்கலாமா என்று கேட்டீர்கள். பார்க்கலாம், கணக்கெடுப்பும் இருக்கும். புலிக்குத் தானியங்கி கேமரா வைக்கும்போது தடத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு வைக்க வேண்டும், இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு என்பதால். வைத்துவிட்டு நாமே புலி மாதிரி தவழ்ந்து போய்ச் சோதிக்க வேண்டும். யாரோ ஒரு ஆய்வாளர் கணினியில் நான் தவழ்கிற படம் இன்னும் இருக்கும். முன்னால் இருக்கிற புல்லை அறுக்க மறந்தால், காற்றில் புல் ஆடி ஆடி ஆயிரம் புல் படம்தான் மிஞ்சும். மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) கூடு வைத்திருக்கும். வருடத்துக்கு ஒரே முட்டை, அதுவும் சரியாகத் தீ சீசனில். அந்த மரங்களுக்குக் கிட்டே நாங்கள் புளோயரைக்கூட எடுத்துப்போக மாட்டோம், துடைப்பம்தான்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் குரங்கணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம், மலையேறப் போனவர்களைப் புல்வெளித் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். எனவே தீக்கு மேலே, சரிவில், ஒருபோதும் நிற்காதீர்கள். ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை எங்கே என்று பார்த்துவைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். தப்பிக்கிற இடம் அதுதான்.

சம்பளம் தினக்கூலி. கைக்கு வரத் தாமதமாகலாம், எனக்கு ஒருமுறை தீ சீசன் முடிந்து மழைக்காலமே வந்துவிட்டது. மழை பிடித்தால் வேலையும் முடிந்தது. பெரும்பாலும் பக்கத்து ஊர் ஆட்களைத்தான் எடுப்பார்கள், அதுதான் சரியும்கூட, காடு அவர்களுக்குத்தான் தெரியும். நகரத்திலிருந்து வருபவருக்குக் கணக்கெடுப்புத் தன்னார்வலர் வழி சுலபம். எதுவானாலும் டிசம்பரிலேயே வனச்சரக அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள், பிப்ரவரியில் கேட்டால் பேசக்கூட யாரும் இருக்க மாட்டார்கள்.

போவதாக இருந்தால் பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கணுக்காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், புல்லில் உண்ணி கடுகு மாதிரி ஏறும். கைகளுக்குத் தோல் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள், புறங்கை வைத்துப் பார்க்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.