பழைய சர்வர் செயலியா, புதிய மேசைக்கணினிச் செயலியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டேட்டா சென்டர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இயந்திரங்களை மாற்றும்போது, சர்வர் போன்ற கனமான வேலைகளுக்கென இன்டெல் செய்த ஸியான் செயலிகள் மூட்டை மூட்டையாக வெளியே வருகின்றன. அவைதான் ஷாப்பி, லசாடா, முடா போன்ற தளங்களில் மலிவு விலையில் கண்ணில் படுகின்றன. சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் பலவும் இவற்றைப் பற்றியே இருப்பதால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கிறேன். ஒரே விலையில் இரண்டு கணினிகள் கிடைக்கின்றன. ஒன்று ஸியான் இ5-2680 வி4, 14 கோர், 64 ஜிபி ராம். மற்றது கோர் ஐ5-12400, 6 கோர், 16 ஜிபி ராம். 14 கோர்தானே வேகம்?
*வீடியோகிராபர், சுங்கை சிப்புட்*

உங்கள் வேலைக்கு ஐ5-12400தான். தயங்க வேண்டாம். கோர் என்பது செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் ஒரு பகுதி ('கோர் ஐ5' என்பதில் அது வெறும் வணிகப் பெயர்); ராம் என்பது தற்காலிக நினைவகம்.

இ5-2680 வி4 வந்தது 2016இல். அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். விளம்பரத்தில் போடும் 3.3 கிகாஹெர்ட்ஸ், ஓரிரு கோர்கள் மட்டும் ஓடும்போது எட்டுவது. ஐ5-12400 வந்தது 2022 ஜனவரியில். அது 4.4 வரை ஏறும், ஒவ்வொரு துடிப்பிலும் பழையதைவிட அதிக வேலையை முடிக்கும். ஒரு கோரை மட்டும் வைத்து அளந்தால் புதியது ஏறக்குறைய இரு மடங்கு வேகம். எல்லாக் கோர்களும் முழுமூச்சாக உழைக்கும் வேலையில் பழைய 14ம் புதிய 6ம் கிட்டத்தட்டச் சமம். எடிட்டிங்கில் டைம்லைனை இழுப்பது, வெட்டுவது, எஃபெக்ட் போட்டுப் பார்ப்பது போன்றவை பெரும்பாலும் ஒருசில கோர்களையே நம்பியவை. மீதிக் கோர்கள் சும்மா இருக்கும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஐ5-12400க்குள்ளேயே யுஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கிறது. அதோடு குயிக் சிங்க் என்ற வீடியோ பகுதியும் வருகிறது. எச்.264, எச்.265 முறைகளில் சுருக்கிய வீடியோ கோப்புகளை விரித்துக் காட்டுவதற்கென்றே அமைந்த பகுதி அது. இ5 வரிசை ஸியான் எதிலும் அது கிடையாது. நீங்கள் 10-பிட் 4:2:2 என்ற, நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் முறையில் எச்.265ஆகப் பதிவு செய்கிறவர் என்றால் வேறுபாடு இன்னும் கூடும். அந்த வகைக் கோப்பை இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் குயிக் சிங்க் நேரடியாக விரிக்கும். என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளிலோ ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. ஸியானில் பழைய கிராபிக்ஸ் கார்டு போட்டு இதே கோப்பை ஓட்டினால், முழுச் சுமையும் செயலியின் தலையில் விழுந்து படம் திக்கித் திக்கி ஓடும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால், அதாவது 12400எஃப் என்றால், உள்ளிருக்கும் கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் மலிவு என்று அதை எடுத்துவிட்டால் குயிக் சிங்க்கும் போய்விடும். அடுத்து, தனி கிராபிக்ஸ் கார்டும் போடுவதாக இருந்தால், பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) போய், உள் கிராபிக்ஸுக்கான ஐஜிபியு மல்டி-மானிட்டர் என்பதை இயக்கி வைக்க வேண்டும். கடைசியாக ராம். 4கே வேலைக்கு 16 ஜிபி இழுத்துப் பிடிக்கும். 16 ஜிபி துண்டு இரண்டாக 32 ஜிபி போடுங்கள்; நான்கு இடமுள்ள போர்டில் செயலிப் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். ஒரே துண்டாகப் போட்டால் பாதிப் பாதைதான் திறந்திருக்கும்.

ஏற்கெனவே ஸியான் வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். எடிட் தொடங்குமுன் எல்லா கிளிப்புக்கும் 1080பி அளவில் ப்ராக்ஸி கோப்புகளை, அதாவது எடிட் செய்ய எளிதான சிறிய நகல்களை, இரவில் உருவாக்கவிடுங்கள். அந்த வேலையில் 14 கோரும் உழைக்கும். மறுநாள் டைம்லைன் லேசாக நகரும்.

ஈப்போவில் பாலிடெக்னிக் படிக்கிறேன். நெட்வொர்க், லினக்ஸ், விர்ச்சுவல் மெஷின் பயிற்சிக்கு வீட்டில் ஒரு கணினி வேண்டும். எல்லாரும் ஸியான் வேண்டாம் என்கிறார்கள். சரியா?
*மாணவர், லிந்தாங்*

உங்களுக்கு ஸியான் நல்ல தேர்வு, தம்பி. ஐந்தாறு விர்ச்சுவல் மெஷின்களை (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினிகள்) ஒரே நேரத்தில் திறந்து வைக்கிறவருக்கு ஒரு கோரின் வேகத்தைவிடக் கோர்களின் எண்ணிக்கையும் ராமின் அளவும் முக்கியம். பழைய சர்வர் தளத்தின் பலமே அதுதான்.

ஆனால் செயலியையும் பெயர் தெரியாத போர்டையும் தனித்தனியாக வாங்கிக் கோக்காமல், எச்பி இஸட்440 அல்லது டெல் பிரிசிஷன் டி5810 போன்ற முழு வொர்க்ஸ்டேஷனாகத் தேடுங்கள். இரண்டிலும் இ5 வரிசையின் வி3, வி4 (மூன்றாம், நான்காம் பதிப்பு) செயலிகள் ஓடும். எட்டு ராம் இடங்கள் உண்டு. இந்தச் செயலிகளுக்கேற்ற சிப்செட்டின் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) பெயரான 'எக்ஸ்99' என்பதைப் போட்டு விற்கும் மலிவு போர்டுகள் பலவற்றில் உண்மையில் இருப்பது எச்81, பி85 போன்ற சாதாரண மேசைக்கணினி சிப்செட். ஸ்லீப் போட்டால் எழுந்திருக்காது, ஃபேன் வேகம் கட்டுப்படாது, செயலிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் விஆர்எம் பகுதியில் ஹீட்சிங்க் பெயரளவுக்குத்தான் இருக்கும். 120 வாட் செயலியை அதில் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினால் விஆர்எம் சூடேறி வேகத்தைக் குறைத்துவிடும். ராம் இடம் இரண்டே இருந்தால், ராமோடு நான்கு பாதைகளில் (சேனல்) பேசும் செயலியில் பாதிதான் பயன்படும். நான்கு துண்டு போடுங்கள்: 64 ஜிபி வேண்டுமானால் 16 ஜிபி நான்கு.

வி1, வி2 செயலிகளைத் தொடாதீர்கள். அவற்றுக்கு ஏவிஎக்ஸ்2 (பல புதிய நிரல்கள் பயன்படுத்தும் கட்டளைத் தொகுப்பு) கிடையாது, பழைய டிடிஆர்3 ராம்தான், பல போர்டுகள் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகாது. விலை வேறுபாடு சிறியது, இழப்பு பெரியது. யாராவது எச்பியின் முந்தைய வொர்க்ஸ்டேஷனான இஸட்420ஐ இலவசமாகவே கொடுத்து, அதில் வி2 போட நினைத்தால், முதலில் பயாஸில் சிஸ்டம் இன்பர்மேஷன் பக்கத்தில் பூட் பிளாக் (பயாஸின் மாறாத தொடக்கப் பகுதி) தேதியைப் பாருங்கள். 2011 என்றிருந்தால் வி2 ஓடாது. 2013 என்றிருந்தால் ஓடும். பயாஸை அப்டேட் செய்தாலும் அந்தத் தேதி மாறாது.

நேரில் பார்த்து வாங்குவது நல்லது. செயலியின் விவரம் காட்டும் சிபியு-இஸட் நிரலைத் திறந்து, 'ஸ்பெசிஃபிகேஷன்' பகுதியில் 'இஎஸ்' என்று வருகிறதா பாருங்கள். வந்தால் அது விற்பனைக்கு வராத சோதனைப் பிரதி. மூடியின் மேலுள்ள குறியீடும் 'எஸ்ஆர்' என்று தொடங்காமல் 'க்யூ' என்று தொடங்கும். வேகம் குறைவாக இருக்கும், சில பயாஸ்கள் ஏற்கவும் மாட்டா. பிறகு வெப்பம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ நிரலைத் திறந்துவைத்து, செயலிக்கு முழுச் சுமை கொடுக்கும் ஓசிசிடியை அரை மணி நேரம் ஓட்டி வெப்பத்தைக் கவனியுங்கள். 90 டிகிரிக்கு மேல் ஏறினால் பெரும்பாலும் செயலிக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதை மாற்றுவது சின்ன வேலை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு சுற்று முழுதும் ஓட்டுங்கள். பொருத்தியிருக்கும் ராம் அனைத்தையும் பயாஸ் காட்டுகிறதா என்று எண்ணுங்கள். ஒரு துண்டு குறைந்தால் ராம் கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும் இதே குறை வரும். இந்த வகைகளில் பின்கள் இருப்பது போர்டில், செயலியில் அல்ல.

கூலர் தனியாக வாங்குவதானால் அதை மாட்டும் துளைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்துவிடுங்கள். இந்தச் செயலிகள் உட்காரும் எல்ஜிஏ2011 சாக்கெட்டில் சதுர வகை 80×80 மில்லிமீட்டர், குறுகிய வகை 56×94. ஒன்றின் கூலர் மற்றதில் உட்காராது.

சர்வர் ராம் மலிவாகக் கிடைத்ததென்று 16 ஜிபி நான்கு வாங்கினேன். சரியாகப் பொருந்துகிறது, ஆனால் கணினி திரையே காட்டவில்லை. என் போர்டு பி450.
*கடை உரிமையாளர், கோல கங்சார்*

நீங்கள் வாங்கியது ரெஜிஸ்டர்டு ராம், அதாவது ரெஜிஸ்டர் என்ற கூடுதல் சிப் வைத்த சர்வர் வகை. டிடிஆர்4இல் சர்வர், மேசைக்கணினி இரண்டு வகைக்கும் 288 பின்னே, வெட்டும் ஒரே இடத்தில்தான். அதனால் செருக முடிகிறது, ஆனால் மேசைக்கணினி போர்டு அதோடு பேசாது. ஸ்டிக்கரைப் படியுங்கள். 'பிசி4-2400டி' என்பதை அடுத்து 'ஆர்' என்று வந்தால் ரெஜிஸ்டர்டு, 'எல்' என்றால் எல்ஆர்டிம் (அதுவும் சர்வருக்கானது), 'யு' என்றால் மேசைக்கணினிக்கானது, 'இ' என்றால் இசிசி (பிழை திருத்தும் வசதி) உள்ள, ரெஜிஸ்டர் இல்லாத வகை. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் நடுவில் ஒரு தனிச் சின்னச் சிப் இருக்கிறதா பாருங்கள், அதுதான் ரெஜிஸ்டர். போர்டுக்குச் சேதம் வந்திருக்க வாய்ப்பு குறைவு. பழைய ராமைத் திரும்பப் போட்டு இயக்குங்கள், இதைத் திருப்பிக் கொடுங்கள் அல்லது மேலே எழுதியவரைப் போல வொர்க்ஸ்டேஷன் வைத்திருப்பவருக்கு விற்றுவிடுங்கள். இரு வகையையும் கலந்து போட்டு முயல வேண்டாம்.

தோட்ட அலுவலகத்தில் ஒதுக்கிய பழைய கணினி, எச்61 போர்டு, ஐ3. அதில் ஸியான் இ3-1230 வி2 போடலாம் என்கிறார் நண்பர். நடக்குமா?
*ஓய்வு பெற்ற கிராணி, சுங்கை சிப்புட்*

நடக்கும் ஐயா, நல்ல யோசனையும்கூட. நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை), 69 வாட். கணக்கு, கடிதம், யூடியூப் எல்லாம் தாராளமாக ஓடும். போர்டு தயாரிப்பாளரின் செயலிப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ஐ3 இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட்டு, பிறகு செயலியை மாற்றுங்கள். அப்டேட் நடுவில் மின்சாரம் போனால் போர்டு செத்துவிடும், ஆகவே இடி மழை நாளில் தொட வேண்டாம்.

1230க்கு உள் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு இல்லாவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். கார்டு வாங்க விருப்பமில்லை என்றால் 5இல் முடியும் எண்ணைத் தேடுங்கள்: இ3-1225 வி2, இ3-1245 வி2. அவற்றில் கிராபிக்ஸ் உண்டு. இந்த வித்தை வி2, வி3யோடு சரி. இ3 வி5 முதல் சி232, சி236 சிப்செட் போர்டில்தான் ஓடும், எச்110இல் ஓடாது.

டியூஷன் சென்டருக்கு கோப்புகள் வைக்கவும் சிசிடிவி பதிவுக்கும் இரவு பகலாக ஓடும் கணினி வேண்டும். 'சர்வர்' வேலைக்கு சர்வர் செயலிதானே சரி?
*ஆசிரியை, சுங்கை சிப்புட்*

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இது மிக லேசான வேலை, டீச்சர். நாள் முழுக்க ஓடுவது என்றால் மின்கட்டணம்தான் பெரிய செலவு. இரண்டு கணினிகளுக்கிடையே 50 வாட் வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 வாட் × 24 மணி × 30 நாள் = 36 யூனிட். யூனிட்டுக்கு 45 சென் என்று கணக்கிட்டால் மாதம் 16 ரிங்கிட் 20 சென், ஆண்டுக்கு 194 ரிங்கிட்டுக்கு மேல். உங்கள் டிஎன்பி மின் பில்லில் உள்ள விலையைப் போட்டு ஒருமுறை கணக்குப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டோடு சும்மா நிற்கும் இ5 கணினிக்கும் சிறிய கணினிக்கும் இந்த வேறுபாடு எளிதில் வரும். தகரக் கூரைக் கட்டடம் என்றால் அந்த வாட் எல்லாம் அறையின் சூடாகவும் சேரும்.

இன்டெல் என்100 செயலி உள்ள மினி கணினி போதும். நான்கு கோர், 6 வாட் வகை. கேமரா எட்டு, பத்து என்று கூடினால் ஐ3-12100 போடுங்கள். செயலியில் மிச்சப்படுத்தும் பணத்தை சிசிடிவி பதிவுக்கென்றே வரும் ஹார்ட் டிஸ்கிலும், கோப்புகளுக்கு இன்னொரு காப்பி வைக்க ஒரு வெளி டிஸ்கிலும் போடுங்கள். பிள்ளைகளின் தேர்வுத் தாள்கள் ஒரே டிஸ்கில் இருப்பதுதான் உண்மையான ஆபத்து.

இரண்டு ஸியான் செயலி, மொத்தம் 28 கோர், 'கேமிங் செட்' என்று விற்கிறார்கள். மகன் கேட்கிறான்.
*தாயார், சுங்கை சிப்புட்*

வேண்டாம் அக்கா. கேம்கள் சில கோர்களின் வேகத்தையே பார்க்கும். இரண்டு சாக்கெட் என்றால் ஒரு செயலி மற்றதன் ராமிலிருந்து எடுக்கும்போது தாமதமும் கூடும். ரைசன் 5 5600 அல்லது ஐ3-12100 எடுத்து, மீதியைக் கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுங்கள். 5600க்கு உள் கிராபிக்ஸ் இல்லை. கார்டு பிறகு வாங்குவதானால் 5600ஜி எடுங்கள்.

பழைய ஸியானில் விண்டோஸ் 11 போடலாமா? எங்கள் பக்கம் இடி மின்னலும் அதிகம், எதைக் கவனிக்க வேண்டும்?
*வாசகர், லிந்தாங்*

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும், இ5 வி3, வி4 இரண்டும் மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் இல்லை. சோதனையைத் தாண்டி நிறுவ வழிகள் உண்டு, ஓடவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு பெரிய அப்டேட்டிலும் திண்டாட நேரலாம். கணக்கு, வங்கி வேலைக்கு அந்தக் கணினியை நம்ப வேண்டாம். லினக்ஸுக்கு எந்தத் தடையும் இல்லை.

இடி விஷயத்தில் ஸியான் வொர்க்ஸ்டேஷனுக்கு ஒரு தனிப் பலவீனம் உண்டு. இஸட்440 போன்றவற்றின் பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கே உரிய இணைப்பு கொண்டது. அது எரிந்தால் அதே மாடலைத் தேடி வரவழைக்க வேண்டும். சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை என்றால் ஈப்போவில் அன்றே வாங்கி மாட்டலாம். எதுவானாலும் இடி கேட்டதும் ஸ்விட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே கழற்றுங்கள், மோடத்திலிருந்து வரும் லேன் ஒயரையும் சேர்த்து. மின்னல் அந்த ஒயர் வழியாகவும் வரும். யுபிஎஸ் வாங்கினால் பெட்டியில் பெரிதாக எழுதிய விஏயைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். 650 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 400 வாட்டுக்கும் குறைவாகவே தாங்கும். முழுச் சுமையில் ஓடும் ஸியானும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து அந்த எல்லையை நெருங்கிவிடும்.