சீரான வேகத்தில் ஏறும் மலை ரயில் பெட்டிக்கு எவ்வளவு விசை வேண்டும்?

வணக்கம். கல்லாறு–குன்னூர் பற்சக்கரப் பாதையில், 12க்கு 1 என்ற சரிவில், 12,000 கிலோகிராம் நிறையுள்ள பெட்டியைச் சீரான வேகத்தில் ஏற்ற, உராய்வு இல்லையென்றால், சுமார் 9,800 நியூட்டன் போதும் என்று விடைக்குறிப்பில் இருப்பதாகவும், பெட்டி மேலே நகர்வதால் விசை அதைவிடக் கூடுதலாக வேண்டுமே என்றும் எழுதியிருக்கிறீர்கள். விடைக்குறிப்பு சரியானதே.

வேகமும் திசையும் மாறாதபோது முடுக்கம் சுழி. ஆகவே நிகர விசையும் சுழி. நகர்வதற்கு அல்ல, வேகம் மாறுவதற்கே நிகர விசை தேவை. இந்தப் பாடத்தில் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பெட்டியை மட்டும் தனியே வரைந்து, ஓர் அச்சைத் தண்டவாளத்தின் போக்கிலேயே வையுங்கள். எடையான 1,17,600 நியூட்டனில் பன்னிரண்டில் ஒரு பங்கு சரிவின் கீழ்நோக்கி இழுக்கிறது. தண்டவாளத்துக்குச் செங்குத்தான கூறைத் தண்டவாளமே தாங்கிக்கொள்கிறது. எனவே, கீழ்ப்பக்கத்திலிருந்து தள்ளும் எஞ்சின் அந்த 9,800 நியூட்டனை ஈடுசெய்தாலே பெட்டி அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

நீங்கள் நினைத்தது வேகமெடுக்கும் கட்டத்துக்குப் பொருந்தும். அதே சரிவில் முடுக்கம் 0.1 மீ/வி² என்றால் மேலும் 1,200 நியூட்டன் சேர்ந்து 11,000 நியூட்டன் ஆகும்.

அடுத்து, குன்னூரிலிருந்து சீரான வேகத்தில் இறங்கும்போது விசை கீழ்நோக்கி இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்காது, அப்போதும் அதே 9,800 நியூட்டன் மேல்நோக்கியே தேவை, அதைத் தருவது பிரேக். உராய்வைக் கணக்கில் எடுத்தால் மட்டும், ஏறும்போது அதைக் கூட்ட வேண்டும், இறங்கும்போது கழிக்க வேண்டும்.