முதல் எல்க் வேட்டை: துப்பாக்கி இருக்கட்டும், கறியை எப்படி இறக்குவீர்கள்?

கேள்வி: கொலராடோவில் டென்வருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. எச்1பி விசா. ஊரில் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. வழிகாட்டி வைத்துக்கொள்ளாமல் அரசு நிலத்தில் எல்க் வேட்டைக்குப் போக எங்கிருந்து தொடங்குவது?

இதற்கு எல்லோரும் துப்பாக்கியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் கறியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்க் என்பது பெரிய மான் வகை. பெண் எல்க் ஒன்று 225 கிலோ அளவுக்கு இருக்கும். எலும்பை எடுத்த பிறகும் 70 கிலோ கறி தேறும். ஆண் என்றால் இன்னும் கூடும். அது விழுந்த இடத்துக்கு வண்டி வராது. 9,000, 10,000 அடி உயரத்தில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி நீங்கள்தான் முதுகில் சுமக்க வேண்டும். ஆகவே வரைபடத்தில் எல்க் எங்கே நிற்கும் என்று தேடும்போதே, அங்கிருந்து எத்தனை நடையில் கறியை இறக்குவோம் என்பதையும் கணக்குப் போடுங்கள். தனியாள் என்றால் சாலையிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் உள்ளே போக வேண்டாம் என்பேன். "நான் ஐந்து மைல் போய் அடித்தேனே" என்று சிலர் சண்டைக்கு வரலாம். அவர்களிடம் குதிரை இருந்திருக்கும், இல்லையென்றால் கூட்டாளிகள் இருந்திருப்பார்கள். கேட்டவர் புதியவர்.

அடுத்தது சட்டம். நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். நண்பருடைய துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பழகுவதற்கும் இது பொருந்தும். நான் வக்கீல் இல்லை. நூறு டாலர் போனாலும் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள், விசா விஷயத்தில் விளையாட வேண்டாம். 1949இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருந்தால்தான் கொலராடோவில் உரிமம் வாங்க முடியும். தொடர்ந்து ஆறு மாதம் இங்கேயே வசித்திருந்தால் உள்ளூர்க்காரர் கட்டணம். வெளிமாநிலத்தவர் எல்க் உரிமத்துக்குக் கொடுக்கும் தொகை அதைப்போலப் பல மடங்கு.

எனக்கு முதல் எல்க் கிடைத்தது ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதியில், ஒயிட் ரிவர் தேசியக் காட்டில். கூட வந்தவர் அங்கே மீக்கர் என்ற ஊர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர், என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சட்டைப்பையில் மாவு நிரப்பிய சின்னக் குப்பி ஒன்று இருக்கும். பத்தடிக்கு ஒருமுறை அதை அமுக்குவார். வெள்ளைத் தூள் எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பார்ப்பார். விடியும்போது குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் மேலே போகும். அந்த மாற்றம் வரும்வரை அசையாமல் உட்கார வைத்தார். எல்க் கண்ணுக்குக்கூடத் தப்பிவிடலாம், மூக்குக்குத் தப்ப முடியாது.

விழுந்த பிறகுதான் உண்மையான வேலை. குடலைத் திறக்காமல், ஒரு பக்கம் தோலை உரித்து, முன்கால், பின்கால், முதுகுக்கறி என்று எடுத்துவிட்டு, புரட்டி மறுபக்கம். வெளியே பனி உறைந்து கிடக்கிறது. ஆனால் தொடை எலும்பை ஒட்டிக் கையை விட்டால் அப்படியே கொதிக்கிறது. அந்தச் சூடு உள்ளேயே நின்றால் கறி எலும்பு ஓரத்திலிருந்து கெட்டுப்போகும். அதனால் எலும்பு வரை வெட்டித் திறந்து, காற்றுப் போகும் துணிப்பைகளில் போட்டு நிழலான கிளையில் தொங்கவிட்டோம். கருங்கரடி வரும் என்பதால் குடல் கிடக்கும் இடத்திலிருந்து தள்ளி. ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு கறியோடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதை மறந்து கத்தியை ஓட்டாதீர்கள். கடைசி நடை முடியும்போது தலைவிளக்கு வெளிச்சத்தில்தான் நடந்தோம்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். துப்பாக்கி வேட்டைக்கு மாநிலம் ஒதுக்கும் பருவங்களில் இரண்டாவது அக்டோபர் கடைசியில், தீபாவளியை ஒட்டி வருகிறது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் "வேட்டைக்குப் போகிறேன்" என்றால் சிரித்துக்கொண்டே விடுப்புக் கொடுப்பார்கள். தீபாவளிக்கு ஒரே ஒரு நாள் கேட்டால் அது என்ன பண்டிகை, ஏன் சனிக்கிழமை கொண்டாடக் கூடாது என்று விசாரணை நடக்கும். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

"பாவம், இதெல்லாம் தேவையா" என்று கேட்பவர்களுக்கு: இது கள்ள வேட்டை இல்லை. எந்தப் பகுதியில், எந்தப் பருவத்தில், எதை அடிக்கலாம் என்று மாநில அரசே வரையறுக்கிறது. கறியை வீணடித்தால் குற்றம். 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கும் நான் இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. பயிற்சி வகுப்பில் இப்போதே சேருங்கள். குலுக்கல் முறை உரிமத்துக்கு ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெண் எல்க்குக்கே விண்ணப்பியுங்கள். ஆண் எல்க் என்றால் பல பகுதிகளில் ஒரு கொம்பில் நான்கு கிளையாவது இருக்கிறதா, இல்லை புருவக் கிளை (கொம்பின் அடியில், கண்ணுக்கு மேலே கிளைப்பது) ஐந்து அங்குலமாவது இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். தனியார் நில எல்லை காட்டும் செயலியைக் கைபேசியில் இறக்கி, சிக்னல் இல்லாமலும் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கொலராடோவில் அறிவிப்புப் பலகை இல்லாவிட்டாலும் அனுமதியின்றி தனியார் நிலத்தில் வேட்டையாடுவது குற்றம். கோடையில் 20 கிலோ மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறிப் பாருங்கள். துப்பாக்கி பற்றி அப்புறம் பேசலாம்.